எத்தனை செவ்வகம் வரைய முடியும்?

ஒரு செவ்வக மனையின் பரப்பளவு 2178 சதுர அடி. அதன் நீளம் எவ்வளவு?

இதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பில் பாதிப் பேர் 2178-ஐ வகுக்க ஆரம்பித்திருப்பார்கள். சேலத்தில் வங்கித் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு சொல்லித்தருகிறேன். நல்ல கைவேகம் உள்ள பிள்ளைகள். வர்க்கமூலம், சதவீதம், வட்டி எல்லாம் மனக்கணக்காகவே வரும். ஆனால் டேட்டா சஃபிசியன்சி என்று ஒரு பகுதி வந்தால் அவர்களில் கெட்டிக்காரர்களே தடுமாறுகிறார்கள். கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா, போதாதா என்று மட்டும் கேட்கிற கணக்கு அது. விடையே வேண்டாம் என்கிற கேள்விக்குப் பள்ளிக்கூடம் நம்மைத் தயார் செய்யவில்லை. பன்னிரண்டு வருடம் விடை கண்டுபிடித்தே பழகிய கை சும்மா இருக்காது.

2178 சதுர அடி என்பது சரியாக 5 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். நிலம் அளந்த பழைய சர்வே சங்கிலி 66 அடி நீளம். ஒரு சங்கிலி நீளம், அரைச் சங்கிலி அகலம், அதாவது 66-க்கு 33 என்று அளந்தால் 5 சென்ட் வந்துவிடும். வீடு கட்ட அருமையான மனை. முன்னால் வண்டி நிறுத்த இடம் விட்டு, பின்னால் ஒரு மாமரமும் வைக்கலாம். இதே 5 சென்ட் 198 அடி நீளம், 11 அடி அகலம் என்றும் இருக்கலாம். பெருக்கிப் பாருங்கள், அதே 2178. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது எல்லாருக்கும் ரோட்டு முகப்பு வேண்டும் என்று கேட்டால் நிலம் இப்படித்தான் நீளும். அதில் மாட்டுக்கொட்டகை போடலாம், வீடு கட்ட முடியாது. முதல் மனைக்கு வேலி போட 198 அடி கம்பி போதும், இரண்டாவதற்கு 418 அடி வேண்டும். இரண்டுக்கும் பத்திரத்தில் 5 சென்ட் என்றுதான் இருக்கும்.

ஆக, மேலே உள்ள கேள்விக்குப் பதில்: தகவல் போதாது. அதைச் சொல்ல 2178-ஐ வகுக்கவே வேண்டாம். ஒரே பரப்பளவுக்கு இரண்டு செவ்வகம் காட்டினால் வேலை முடிந்தது.

இந்த வகைக் கணக்குக்கு நான் கற்றுத்தருவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான். தகவலைப் படித்ததும் "விடை என்ன" என்று கேட்காதே. "இதற்குப் பொருந்துகிற மாதிரி எத்தனை செவ்வகம் வரைய முடியும்" என்று கேள். ஒன்றுதான் முடியும் என்றால் போதும். இரண்டு வரைந்து, கேட்ட கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் தந்தால் போதாது. சூத்திரமெல்லாம் அதற்கு அப்புறம்.

தெரியாதவர்களுக்காகக் கேள்வியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வி இருக்கும், அதன் கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியாக எதுவானாலும் போதுமா, இரண்டையும் சேர்த்தால்தான் போதுமா, சேர்த்தாலும் போதாதா என்று ஐந்து வாய்ப்பு. வங்கித் தேர்வுகளில் இது அவ்வப்போது வரும். வெளிநாட்டில் எம்பிஏ படிக்க எழுதும் ஜிமேட் தேர்வில் இது பல வருடமாகக் கணிதப் பகுதியில் இருந்தது. 2023 இறுதியில் வந்த புதிய வடிவத்தில் அதை டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. இதில் சோதிக்கப்படுவது கணக்குத் திறமையைவிட, கையில் உள்ள தகவலை எடைபோடும் திறமைதான்.

இனி ஒரே ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். 40 அடி நீளம், 30 அடி அகலம். சேலத்தைச் சுற்றிப் போடுகிற லேஅவுட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற அளவு. பரப்பளவு 1200, சுற்றளவு 140, மூலைவிட்டம் 50. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் சொன்னால் செவ்வகம் பிடிபடாது. சுற்றளவு 140 என்றால் 40-க்கு 30 இருக்கலாம், 60-க்கு 10 இருக்கலாம், 35-க்கு 35 கூட இருக்கலாம். சதுரமும் செவ்வகம்தான், பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். ஆனால் மூன்றில் எந்த இரண்டைச் சொன்னாலும் செவ்வகம் ஒன்றே ஒன்றுதான். காரணம் எளிது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வர்க்கப்படுத்தினால், மூலைவிட்டத்தின் வர்க்கமும் இரண்டு மடங்கு பரப்பளவும் சேர்ந்து வரும். 70-இன் வர்க்கம் 4900. 50-இன் வர்க்கம் 2500, அதோடு 2400. சரியாக இருக்கிறதா? இந்த ஒரே உறவால் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதும் கைக்கு வந்துவிடும். "மூலைவிட்டமும் பரப்பளவும் கொடுத்திருக்கிறார்கள், சுற்றளவு தெரியுமா" என்று கேட்டால் பேனா எடுக்காமலே போதும் என்று சொல்லிவிடலாம்.

தேர்வுத்தாளில் இதை நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள். சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம் டைல்ஸ் போட 72,000 ரூபாய் ஆனது என்பார்கள். அது பரப்பளவு. அடிக்கு இத்தனை ரூபாய் என்று சுற்றி வேலி போட்ட செலவைச் சொல்வார்கள். அது சுற்றளவு. ஓட்டப்பந்தயக்காரர் மைதானத்தை இத்தனை முறை சுற்றினார், வேகம் இவ்வளவு, நேரம் இவ்வளவு என்றால் அதுவும் சுற்றளவுதான். வேஷத்தைக் கலைத்தால் உள்ளே இருப்பவை நான்கைந்து ஆட்கள்தான்.

இங்கே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும். சுற்றளவும் பரப்பளவும் கொடுத்தால் இருபடிச் சமன்பாடு வருகிறது. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு விடை. அப்படியென்றால் இரண்டு செவ்வகம் வர வேண்டுமே? நல்ல கேள்வி. 140-ஐயும் 1200-ஐயும் வைத்துப் போட்டால் 30, 40 என்று இரண்டு மூலங்கள் வருகின்றன. அகலம் 30 என்றால் நீளம் 40. அகலம் 40 என்றால் நீளம் 30. திருப்பி வைத்த அதே செவ்வகம்தான். நீளத்துக்கும் அகலத்துக்கும் வித்தியாசம் 10, பரப்பளவு 1200 என்று கொடுத்தாலும் இரண்டு மூலங்கள் வரும். அதில் ஒன்று 30, இன்னொன்று மைனஸ் 40. மைனஸ் நாற்பது அடிக்கு யாரும் சுவர் எழுப்ப முடியாது, தள்ளிவிடலாம். ஆக இரண்டு இடத்திலும் ஒரே செவ்வகம்தான் மிஞ்சுகிறது.

இதைப் பார்த்துவிட்டு "இரண்டு மாறி, இரண்டு சமன்பாடு, போதும்" என்று ஒரு விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. பல வழிகாட்டிப் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. நேர்கோட்டுச் சமன்பாடுகளிலேயே அது முழு உண்மை இல்லை. இரண்டும் ஒரே சமன்பாடாக இருந்தால் கவிழ்ந்துவிடும். பரப்பளவு உள்ளே வந்துவிட்டால் இன்னும் மோசம். இதைக் காட்ட நான் தேடிப்பிடித்த கணக்கு ஏற்காட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் போனால் காபித் தோட்டங்களில் களம் பார்க்கலாம். பறித்த காபிப் பழத்தைக் காயப் போடுகிற சிமென்ட் தளம். மலைச்சரிவில் சமதளம் கிடைப்பது கஷ்டம் என்பதால் சரிவை வெட்டி, வெட்டிய பக்கம் கல் கட்டு கட்டி, அதை ஒட்டிக் களம் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் கல் சுவர், மீதி மூன்று பக்கம் திறந்தவெளி. ஆடு மாடு ஏறாமல் இருக்க அந்த மூன்று பக்கத்துக்கும் வலை கட்ட வேண்டும். இப்போது கணக்கு. செவ்வகக் களம், ஒரு பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கத்துக்கு வேலி. களத்தின் நீளமும் அகலமும் என்ன? முதல் கூற்று: வேலியின் மொத்த நீளம் 100 அடி. இரண்டாம் கூற்று: களத்தின் பரப்பளவு 1200 சதுர அடி.

இதை வகுப்பில் கொடுத்த அன்று முன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சத்தமாகச் சண்டை போட்டார்கள். ஒருத்தி ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருகிறவள். அவளுக்கு 40-க்கு 30 வந்திருந்தது. சுவரை ஒட்டி 40, வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் முப்பது முப்பது, ஆக வேலி 100. பரப்பளவு 1200. இன்னொருத்திக்கு 60-க்கு 20. சுவரை ஒட்டி 60, இரண்டு பக்கமும் இருபது இருபது, ஆக வேலி 100. பரப்பளவு அதே 1200. "நீ எங்கயோ தப்பு பண்ணியிருக்க" என்று ஒருத்தி மற்றவளின் நோட்டை வாங்கி வரிவரியாகத் தேடினாள். தப்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏற்காட்டுப் பெண்தான் நிமிர்ந்து, "சார், ரெண்டுமே சரியாத்தான் இருக்கு. அப்ப போதாதுன்னுதானே அர்த்தம்?" என்றாள். அதற்குமேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? நான்கு பக்கமும் வேலி என்றால் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே மரியாதை. இடம் மாற்றிக்கொண்டாலும் எதுவும் மாறாது. அதனால் இரண்டு மூலங்களும் ஒரே செவ்வகத்தில் போய்ச் சேர்ந்தன. ஒரு பக்கம் சுவர் என்று வந்ததும் அந்தச் சமத்துவம் போய்விட்டது. சுவரை ஒட்டிய பக்கம் வேலியில் ஒரு முறைதான் வருகிறது, வெளியே நீளும் பக்கம் இரண்டு முறை வருகிறது. இப்போது மூலங்கள் 20, 30 இரண்டும் வெளியே நீளும் பக்கத்தின் அளவுகள். இரண்டும் நேர்மறை எண், இரண்டும் உண்மையான களம். தள்ளிவிட ஒரு காரணமும் இல்லை.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் கிண்டலாம், கிண்டுகிற அளவுக்கு ருசிக்கும். பரப்பளவை 1200 என்பதற்குப் பதில் 1250 என்று மாற்றிப் பாருங்கள். 50-க்கு 25 என்று ஒரே ஒரு களம்தான் வரும், இரண்டு மூலங்களும் 25-இல் ஒன்றாகிவிடும். 100 அடி வேலியால் சுவரோரம் மடக்க முடிகிற அதிகபட்சப் பரப்பும் அந்த 1250-தான். உச்சியில் மட்டும் ஒரே விடை, அதற்குக் கீழே எந்த எண்ணைக் கொடுத்தாலும் இரண்டு விடை. கூற்றுகளின் சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை, ஓர் எண் மாறியதால் போதாதது போதும் என்று ஆகிறது. அதனால்தான் "மூலங்களைக் கண்டுபிடிக்காமலே சொல்லிவிடலாம்" என்ற குறுக்குவழியை இந்த மாதிரி இடத்தில் நான் ஏற்பதில்லை. பரப்பளவு 1200-ஆகவே இருந்து, கல் சுவரின் மொத்த நீளமே 50 அடிதான், அதைத் தாண்டிக் களம் போகாது என்று கேள்வியில் ஒரு வரி இருந்தாலும் கதை மாறும். 60 அடிக் களம் அடிபட்டு, 40-க்கு 30 மட்டும் நிற்கும். ஒரு ஓரத்தில் சும்மா கிடக்கிற மாதிரி தெரியும் வரியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

போதாது என்பதைக் காட்ட இரண்டு செவ்வகம் வேண்டும் என்றேன். அதைத் தேடும்போது இன்னொரு வகை ஏமாற்று கண்ணில் படும். இரண்டு கூற்றும் பார்க்க வேறு வேறாக இருக்கும், சொல்வது ஒன்றையே. நீளத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் 4:3 என்கிறது முதல் கூற்று. மூலைவிட்டம் நீளத்தைப்போல ஒன்றேகால் மடங்கு என்கிறது இரண்டாவது. கேள்வி, பரப்பளவு என்ன? ஒன்றில் விகிதம், ஒன்றில் மூலைவிட்டம், சேர்த்தால் வந்துவிடும் என்று தோன்றும். நீளத்தை 4 பங்கு என்று வைத்தால் மூலைவிட்டம் 5 பங்கு, அப்படியானால் அகலம் 3 பங்கு. போய்ச் சேர்ந்த இடம் மறுபடியும் 4:3. இரண்டாம் கூற்று முதல் கூற்றின் மறுபதிப்பு. 4-க்கு 3-உம் பொருந்தும், 40-க்கு 30-உம் பொருந்தும், 400-க்கு 300-உம் பொருந்தும். சேர்த்தாலும் போதாது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று உண்டு. "நீளத்தை 20 சதவீதம் கூட்டி, அகலத்தை 20 சதவீதம் குறைத்தால் பரப்பளவு 4 சதவீதம் குறையும்." பெரிய தகவல் மாதிரி இருக்கிறது அல்லவா? உலகத்தில் உள்ள எல்லாச் செவ்வகத்துக்கும் அப்படித்தான் குறையும். 1.2-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.96, நீளம் அகலம் எதுவானாலும். இந்தக் கூற்று ஒரு செவ்வகத்தைக்கூட வெளியே தள்ளவில்லை. எதையும் வெளியே தள்ளாத கூற்று தகவலே இல்லை. ஆனால் சதவீதத்தை அடியாக மாற்றிப் பாருங்கள். நீளத்தை 10 அடி கூட்டி அகலத்தை 6 அடி குறைத்தால் பரப்பளவு மாறவில்லை என்றால் அது உண்மையான தகவல். 40-க்கு 30 அதற்குப் பொருந்தும், 50-க்கு 24 ஆகிறது, அதே 1200. 20-க்கு 18-உம் பொருந்தும், 30-க்கு 12 ஆகிறது, அதே 360. தனியாகப் போதாது என்றாலும் எத்தனையோ செவ்வகங்களைத் தள்ளிவிட்டது. இதோடு விகிதம் 4:3 என்று சேர்த்தால் 40-க்கு 30 மட்டும்தான் தேறும்.

கேட்டது என்ன என்பதையும் விட்டுவிடக் கூடாது. எல்லாக் கேள்வியும் நீளம் அகலத்தைத்தான் கேட்கும் என்று இல்லை. "மூலைவிட்டம் நீளத்தைப்போல எத்தனை மடங்கு" என்று கேட்டால் விகிதம் மட்டுமே போதும். எத்தனையோ செவ்வகம் வரையலாம், எல்லாமே ஒரே பதிலைத் தரும். ஆமா இல்லையா வகைக் கேள்விகள் இன்னும் நுட்பமானவை. "இந்த மனையின் பரப்பளவு 1250 சதுர அடிக்கு மேல் இருக்குமா?" கூற்று: சுற்றளவு 140 அடி. நீளம் தெரியாது, அகலம் தெரியாது, பரப்பளவும் தெரியாது. ஆனாலும் போதும். சுற்றளவு 140 உள்ள செவ்வகங்களில் பெரியது 35-க்கு 35 சதுரம், அதன் பரப்பே 1225-தான். ஆகவே 1250-க்கு மேல் இருக்கவே முடியாது. பதில் "இல்லை" என்பது உறுதி, உறுதியான "இல்லை"யும் போதுமான பதில்தான். வகுப்பில் இந்த இடத்தில் குறைந்தது ஒருவராவது "இல்லைன்னு வந்தா போதாதுன்னுதானே சார்" என்று கேட்பார்கள். கேள்விக்கு வந்த பதிலும், தகவல் போதுமா என்பதும் வேறு வேறு என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்வேன். அலுப்பே வந்ததில்லை, ஏனென்றால் புரிகிற நேரம் முகத்தில் தெரியும்.

இத்தனை நேரமும் செவ்வகம், செவ்வகம் என்று பேசினோம். கேள்வியின் முதல் வரியிலேயே கிடைத்துவிடுகிற இந்தத் தகவல் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட அளவு குறிக்கும்போது. 40-க்கு 30 கட்டடம். கொத்தனார் நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டியிருந்தார். டேப் பிடித்தால் நான்கு பக்கமும் நூல் பிடித்த மாதிரி சரி, 40, 30, 40, 30. நான் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையாளைக் கூப்பிட்டு, டேப்பின் முனையை ஒரு மூலை முளையின் ஆணியில் பிடிக்கச் சொல்லி, எதிர் மூலைக்கு நடந்தார். 49 அடி 4 அங்குலம். அப்புறம் மற்ற இரண்டு மூலைக்கும் இடையே பிடித்தார். 50 அடி 8 அங்குலம். "அளவெல்லாம் சரிங்க தம்பி, மூலைதான் மட்டத்துல இல்ல" என்றார். இரண்டு முளையைப் பிடுங்கி ஒரே பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி அடித்தார், மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 50 அடி வந்தபிறகுதான் சுண்ணாம்புப் பொடியைத் தூவச் சொன்னார்.

நான்கு பக்கமும் சரியாக இருந்தும் வடிவம் பிடிபடவில்லை. நான்கு பக்கங்கள் ஒரு நாற்கரத்தைக் கட்டிப்போடாது. கட்டில் சட்டம் ஆடுகிற மாதிரி அது சாயும். சாயச்சாயப் பரப்பு குறையும். இந்த விஷயத்தில் அன்று வந்த சாய்வு பரப்பில் அரைச் சதுர அடிகூடக் குறைத்திருக்காது, சுவர்தான் கோணலாகியிருக்கும். ஆனால் ஒரு மூலைவிட்டம் 50-க்குப் பதில் 45 அடியாக இருந்தால் அதே 40, 30, 40, 30 மனையில் ஏறக்குறைய 24 சதுர அடி காணாமல் போகும்.

இப்போது ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நான்கு எல்லையையும் சொல்லிவிட்டு, "கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 30 அடி, ஆக 1200 சதுர அடி" என்ற மாதிரி எழுதியிருக்கும். இந்த மனை செவ்வகம்தானா? நான்கு பக்க அளவு மட்டும் போதாது என்று கொத்தனார் காட்டிவிட்டார். பரப்பளவு 1200 என்பதைச் சேர்த்தால்? 40, 30 பக்கங்கள் கொண்ட இணைகரத்தின் பரப்பு 1200-ஐத் தொடுவது மூலைகள் செங்கோணமாக இருக்கும்போது மட்டும்தான். அப்படியானால் இரண்டும் சேர்ந்து போதும், மனை செவ்வகம்தான் என்று அடித்துச் சொல்லலாம். தாளில் உள்ள கணக்காக இருந்தால் அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த 1200 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். இடத்தைத் தனியாக அளந்து வந்த எண் என்றால் அது புதுத் தகவல். எழுதியவர் 40-ஐயும் 30-ஐயும் பெருக்கிப் போட்டது என்றால், ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கிறார். விகிதத்தையும் ஒன்றேகால் மடங்கு மூலைவிட்டத்தையும் வைத்து ஏமாந்த அதே கதை. மனை வாங்குகிற யாராக இருந்தாலும் டேப்பை ஒரு முறை மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள் என்று சொல்வேன். சர்வே வரைபடத்தில் மூலைவிட்ட அளவு இருந்தால் அதோடு ஒத்துப்பாருங்கள்.

தேர்வுக்கூடத்துக்கு இதற்கு நேரெதிர் ஒழுக்கம் வேண்டும். அங்கே கேள்வி செவ்வகம் என்று சொன்னால் செவ்வகம், சொல்லாவிட்டால் இல்லை. படத்தில் சதுரம் மாதிரி தெரிவதால் சதுரம் ஆகிவிடாது. அம்மாப்பேட்டையில் தறிக்காரக் குடும்பத்திலிருந்து வருகிற ஒரு பையன், துணியின் பரப்பளவு கொடுத்து நீளம் கேட்ட கணக்கில் போதும் என்று குறித்தான். வேட்டியின் அகலம்தான் எல்லாருக்கும் தெரியுமே என்றான். அவன் வீட்டில் அது உண்மை, தறியே அகலத்தைச் சொல்லிவிடும். கேள்வித்தாளில் அந்தத் தறி இல்லை. இதோடு இன்னொரு பழக்கமும் முக்கியம். இரண்டாம் கூற்றைப் படிக்கும்போது முதல் கூற்றைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். முதலில் படித்த சுற்றளவு மனதில் ஒட்டிக்கொண்டு, இரண்டாவது தனியாகவே போதும் என்று நினைக்க வைத்துவிடும். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் கழிகிற தேர்வில் இந்த ஒட்டல் நிறைய மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது. ஐந்து வாய்ப்புகளின் வரிசையும் தேர்வுக்குத் தேர்வு மாறும். ஜிமேட்டில் சி என்றால் இரண்டும் சேர்ந்தால் போதும். வங்கித் தேர்வுத்தாள்களில் அதே இடத்தில் தனித்தனியாக எதுவானாலும் போதும் என்று இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பழைய வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், அன்றைய தாளைப் படியுங்கள்.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. செவ்வகத்தின் பரப்பளவு என்ன? முதல் கூற்று: பக்கங்கள் அடியில் முழு எண்கள், சதுர அடியில் பரப்பளவும் அடியில் சுற்றளவும் ஒரே எண். இரண்டாம் கூற்று: அது சதுரம் இல்லை. முதல் கூற்றில் ஒரு நீளமோ அகலமோ கிடையாது, இதிலிருந்து என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். நீளத்தில் 2 கழித்து, அகலத்தில் 2 கழித்து, இரண்டையும் பெருக்கினால் 4 வர வேண்டும் என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் விஷயம். முழு எண்ணில் 4-ஐ 4 × 1 அல்லது 2 × 2 என்றுதான் பிரிக்க முடியும். ஆகவே 6-க்கு 3 அல்லது 4-க்கு 4. முதலாவதில் பரப்பும் 18, சுற்றளவும் 18. இரண்டாவதில் இரண்டும் 16. இரண்டு செவ்வகம், இரண்டு பதில், தனியாகப் போதாது. சதுரம் இல்லை என்ற ஒற்றை வரி, தனியாக ஒன்றுக்கும் உதவாதது, இங்கே சேர்ந்ததும் 16-ஐத் தள்ளிவிட்டு 18-ஐ மட்டும் நிறுத்துகிறது.

இதைப் போட்டு முடித்ததும் அந்த ஏற்காட்டுப் பெண் கேட்டாள், "முழு எண்ணுன்னு சொல்லாம விட்டிருந்தா என்ன சார் ஆகும்?" நீயே ஒரு செவ்வகம் கண்டுபிடி என்றேன். நீளத்தை 5 என்று வைத்து அகலம் 10/3 என்று கொண்டுவந்தாள். பரப்பு 50/3, சுற்றளவும் 50/3. அப்புறம் 12 என்று வைத்தாள், அகலம் 2.4, இரண்டுமே 28.8. அதற்கப்புறம் பக்கத்துப் பெண்ணும் சேர்ந்துகொண்டு, 2-க்கு மேல் எந்த எண்ணை வைத்தாலும் ஒரு செவ்வகம் வருகிறது என்று இருவரும் கண்டுபிடித்தார்கள்.